செடி இருக்கிறது, பக்குவம் எங்கே?

கிளுவை வேலியோடு காணாமல் போன காய்களும் கீரைகளும் குரும்பலூர்க் கொல்லைகளுக்குத் திரும்பி வர வழி உண்டா?

கார்த்திகை மாதத்தில் பெரம்பலூரிலிருந்து துறையூர் சாலையில் குரும்பலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சாலைக்கு இருபுறமும் ஆள் மறையும் உயரத்துக்கு மக்காச்சோளம். ஊடே ஊடே பருத்தி. கிணற்றில் தண்ணீர் இருப்பவர்கள் சின்ன வெங்காயம் போட்டிருப்பார்கள். மேற்கே பச்சைமலை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்றாலே தமிழ்நாட்டில் முன்வரிசையில் பேசப்படும் மாவட்டம் இது. ஆனால் அந்த மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. பருத்தி மில்லுக்குப் போகிறது. வெங்காயம் மண்டிக்குப் போகிறது. இவ்வளவையும் விளைவிக்கிற வீட்டுக்காரர், மறுநாள் குழம்புக்குக் காய் வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருகிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது கத்தரி, வெண்டை, தக்காளி, முள்ளங்கி, கேரட், பீன்ஸ். கோயம்பேட்டில் சென்னைக்காரர் வாங்கும் அதே பத்துப் பதினைந்து காய்.

இரண்டு தலைமுறைக்கு முன்னால், சந்தைக்குப் போகாத நாளிலும் இந்த ஊர்களில் குழம்பு கொதித்தது. கொல்லையைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். வேலிமேல் பிரண்டை, கோவை, முடக்கத்தான், தூதுவளை. குப்பைமேட்டில் தானாக முளைத்த பரங்கியும் சுரையும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் சேம்பும் வாழையும். மழை விட்ட மறுவாரம் வரப்பில் பண்ணைக்கீரை, சாரணை, பருப்புக்கீரை, தொய்யக்கீரை. இதில் பாதியை யாரும் விதைத்ததில்லை. விலை போட்டதும் இல்லை.

இன்று அதே செடிகளுக்கு ‘அரிய வகை’ என்று பெயர். பத்து விதை போட்ட சின்னப் பொட்டலம் கூரியரில் ஊர் ஊராகப் போகிறது. பிரண்டைத் துண்டைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். சிறகவரை, மூக்குத்தி அவரை, வெற்றிலை வள்ளி, பழுபாகல், தவசிக்கீரை என்று மாடித்தோட்டக்காரர்களின் பட்டியல் நீள்கிறது. வரவேற்க வேண்டிய ஆர்வம்தான். ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேர் சமைத்தார்கள் என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். கொடி பந்தலை மூடுகிறது. காய் முற்றி நார் பாய்ந்து தொங்குகிறது. படம் எடுத்து அனுப்புகிறார்கள். மறு ஆண்டு அந்த இடத்தில் மறுபடி கத்தரி. செடியை மீட்பது சுலபம். அதைப் பறித்து, ஆய்ந்து, வேகவைக்கத் தெரிந்த கையை மீட்காவிட்டால் அந்தச் செடி கொல்லையில் இரண்டு வருடம்கூடத் தங்காது.

வேலி போன கதை

முதலில் போனது வேலி. பாகப்பிரிவினையில் கொல்லை துண்டானது. மிஞ்சிய இடத்தைச் சுற்றிச் சிமெண்டு சுவர் எழும்பியது. காட்டில் கிளுவையை வெட்டிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினார்கள். ஏறிப் படர வேலி இல்லாத கொடி என்ன செய்யும்?

அடுத்துப் போனது வரப்பு. ஆள் கிடைக்காத காலத்தில் களையெடுக்கக் களைக்கொல்லி வந்தது. பருத்திக்கு ஏற்கெனவே மருந்து அதிகம். 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் இந்த மாவட்டத்தில் உயிரிழந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்னத் தொடங்கியபின், அதுவரை பெரிதாக மருந்து காணாத பயிருக்கும் ஸ்பிரேயரைத் தூக்க வேண்டியதாயிற்று. அந்த வரப்பில் கீரை பறித்துப் பிள்ளைக்குக் கடைந்து கொடுக்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? கீரை அங்கே இன்னும் முளைக்கிறது. அது உணவு என்ற நம்பிக்கைதான் போய்விட்டது.

மூன்றாவது காரணம் பழையது, மனசுக்குள் இருப்பது: வெட்கம். சங்க இலக்கியத்திலேயே இதன் இரண்டு முகமும் உண்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலையைப் பட்டினி போட்டு வெல்ல முடியாது என்று புறநானூற்றில் கபிலர் மார்தட்டுகிறார். அங்கே தானாய் விளைவது கோட்டைக்குச் சமமான பலம். சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணன் வீட்டில் கதை வேறு. பசி தாங்காத பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். தாது வருஷப் பஞ்சம் (1876–78) போன்ற காலங்களில் கண்ட தழையையும் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்த நினைவு அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திவிட்டது. கையில் காசு வந்ததும் குடும்பங்கள் முதலில் விட்டது இந்தக் கீரைகளைத்தான். விருந்தாளிக்குக் கேரட் பொரியல் மரியாதை; பண்ணைக்கீரை கடைசல் ஏழ்மை.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. நகரத்தில் அதே கீரைக்கு மவுசு வந்துவிட்டது. கதவைத் திறக்க இதுவே நேரம். எதிலிருந்து தொடங்கலாம்?

முதல் பாடம் பிரண்டை

குரும்பலூர் வெயிலுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் பிரண்டையை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு மூன்று கணு உள்ள துண்டை ஒடித்து, வெட்டுவாய் காயும்படி ஓரிரு நாள் நிழலில் போட்டுவிட்டு நட்டால் போதும். தொட்டி, சுவரோரம், கிணற்றுமேடு என்று எங்கும் பிடித்துக்கொள்ளும். அடைமழையில் மட்டும் நடவேண்டாம், அழுகும்.

வளர்ப்பதில் வித்தை இல்லை, பறிப்பதில் இருக்கிறது. நுனியிலிருந்து மூன்று நான்கு கணுவுக்குள்தான் இளசு. விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால் முற்றல், அதை நடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம்தான் அடுப்படிப் பாடம். புதிதாக வந்த மருமகளோ, விடுமுறைக்கு வந்த பேத்தியோ கேட்பாள்: “அப்பாயி, இத அப்படியே நறுக்கி வதக்கிரலாமா?” பதில் உடனே வரும்: “ஏ தாயி, மொதல்ல கையில நல்லெண்ணெயத் தடவு. நாலு ஓரத்துலயும் நாரை உரி. கணுவ நறுக்கி வீசு. இல்லன்னா கை அரிக்கும், நாக்கப் புடுங்கும்.”

அப்பாயி சொல்வதில் அறிவியல் இருக்கிறது. பிரண்டைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. அந்த ஊசிதான் தோலையும் தொண்டையையும் குத்துகிறது. நாரையும் கணுவையும் நீக்கி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, பச்சை நிறம் மங்கி நன்றாகச் சுருளும்வரை வதக்கி, வறுத்த உளுந்து, வரமிளகாயோடு புளியும் சேர்த்து அரைத்தால் நமைச்சல் அடங்கும். திவசச் சமையலில் பிரண்டைத் துவையல் கட்டாயம் என்று பல வீடுகளில் வழக்கம். அந்த வழக்கம் இருக்கும் வீடுகளில்தான் பிரண்டை இன்றும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சமையல் இருந்தால் செடி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பட்டம் தெரியாதவனுக்கு இலைதான்

அடுத்து சிறகவரை. நான்கு ஓரத்திலும் பாவாடைக் கரை மாதிரி சுருக்கம் வைத்த காய். இளங்காய், கொழுந்து, பூ, விதை, மண்ணுக்குள் விளையும் கிழங்கு என எல்லாமே தின்னக்கூடியவை. விதையில் சோயாவுக்கு நிகரான புரதம். 1975-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், வெப்பமண்டல நாடுகளுக்கான புரதப் பயிர் என்று இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. உலகப் பசியைத் தீர்க்கப்போகும் செடி என்று அன்று பேசப்பட்டாலும், பந்தல் போட வேண்டும், காய் ஒரே நேரத்தில் முற்றாது, இயந்திரத்தால் அறுக்க முடியாது. அதனால் பெரும் பண்ணைகளுக்கு அது ஒத்துவரவில்லை. பண்ணைக்குக் குறையாகப்பட்ட இதே குணம் வீட்டுக் கொல்லைக்கு வரம். தினம் கொஞ்சம், பல வாரங்களுக்குப் பறிக்கலாம்.

இதை வாங்கி ஏமாந்தவர்கள் சொல்லும் புகார் ஒன்றே: “கொடி காடாட்டம் போவுது, ஒரு பூ கிடையாது.” காரணம் நாளின் நீளம். பகல் குறுகும்போது பூக்கும் செடி இது. தையிலோ சித்திரையிலோ விதைத்தால் வெயில்காலம் முழுக்க இலையாகவே ஓடும். ஆடியில் விதையுங்கள், ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறையும்போது ஊதாநிறப் பூ வரும், மார்கழி, தை வரை காய் இருக்கும். விதைத்தோல் கடினமானது. ஓர் இரவு ஊறவைத்தும் உப்பாத விதையின் ஓரத்தில், முளைக்கண்ணுக்கு எதிர்ப்பக்கம், நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டு நட்டால் முளைக்கும். காய் விரல் நீளம் தாண்டி, வளைத்தால் நார் இல்லாமல் ஒடியும் பருவத்தில் பறித்து, குறுக்கே நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். முற்றிய விதையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. ஊறவைத்து நன்றாக வேகவைத்தால்தான் செரிக்கும்.

மூக்குத்தி அவரை பெயரில்தான் அவரை. குடும்பத்தால் சர்க்கரைவள்ளிக்குப் பங்காளி. நாம் தின்பது காயே இல்லை. பூவைத் தாங்கும் சதைப்பற்றான காம்பும் புல்லி இதழும். மொட்டு நிலையிலோ, பூ உதிர்ந்து காம்பு பருத்த உடனேயோ பறிக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் உள்ளே விதை முற்றிவிடும். முற்றிய விதை வயிற்றைக் கலக்கும், அது மறுவருட விதைப்புக்கு மட்டும். விதை உதிர்ந்த இடமெல்லாம் முளைக்கும் என்பதால் ஒரு வீட்டுக்கு இரண்டு கொடி தாராளம்.

மாலையில் பூக்கும் மாப்பிள்ளை

பழுபாகலில் பலர் தோற்பதற்கு வேறு காரணம். மேலெல்லாம் மெல்லிய முள் வைத்த, எலுமிச்சை அளவுள்ள காய். பாகல் இனம் என்றாலும் கசப்பு பெயருக்குத்தான். எண்ணெயில் வதக்கினால் பிள்ளைகள்கூடத் தட்டைத் தள்ளமாட்டார்கள். இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதையிலிருந்து வந்ததில் எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு கொடி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் உண்டு.

அதனால் விதையைவிடக் கிழங்கை வாங்குவது நல்லது, ஆண் எது பெண் எது என்று அடையாளம் கேட்டு. எட்டுப் பத்துப் பெண்கொடிக்கு ஓர் ஆண்கொடி போதும். வீட்டளவில் இரண்டு பெண், ஓர் ஆண். பூ பொழுது சாய்ந்தபின் மலரும். டார்ச்சோடு போய் உற்றுப் பாருங்கள். பூவுக்குக் கீழே முள் வைத்த குட்டிக் காய் ஒன்று மணியளவில் உட்கார்ந்திருந்தால் பெண். வெறும் காம்பாக இருந்தால் ஆண். அந்துப்பூச்சி வராத ஊர் நடுவில் அதன் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஆண்பூவைக் கிள்ளி, மஞ்சள் இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுமுடியில் மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும். அழுத்தினால் உடையும். ஒரு பூவைக் கொண்டு மூன்று நான்கு பூக்களுக்கு ஒற்றலாம். ஒட்டியிருந்தால் சில நாளில் பூ வாடியும் காய் பசுமையாகத் தடித்து நிற்கும். ஒட்டாதது மஞ்சளாகி உதிரும். பருவம் முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது, கோடைமழைக்கு எழும்.

இதே குடும்பத்தில் விருதுநகர், மதுரைக் கரிசல் காடுகளின் செல்லப்பிள்ளை ஒன்று உண்டு: அதலைக்காய். மழைக்குத் தானாக முளைக்கும், பறித்த அன்றே சமைக்காவிட்டால் வெடிக்கும். அதனால்தான் தொலைதூரச் சந்தைக்கு அது வரவே வராது. பெரம்பலூரிலும் கரிசல் பரவிக் கிடக்கிறது. விதைக்கிழங்கு கிடைத்தவர்கள் தங்கள் கொல்லையில் ஒரு மூலை ஒதுக்கிப் பார்க்கலாம். விற்க முடியாத காயை ருசிக்க வீட்டில் வளர்ப்பதைத் தவிர வேறு வழி ஏது?

கொடியில் காய்க்கும் கிழங்கு

வெற்றிலை வள்ளியைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். இலை வெற்றிலை போல. ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் உருளைக்கிழங்கு தொங்கும். மண்ணைத் தோண்ட வேண்டாம், பறிக்கலாம். வைகாசி வாக்கில் கிழங்கு தானே முளை கிளப்பும். அப்போது நட்டு, வேம்பிலோ முருங்கையிலோ ஏற்றிவிட்டால் மார்கழியில் இலை பழுக்கும்போது அறுவடை. பழுப்புத் தோலைச் சீவி, புளி சேர்த்து வேகவைத்து வறுத்தால் சேனை வறுவலுக்கு ஈடு. மண்ணுக்குள் பெரிதாய் விளையும் பெருவள்ளிக்கும் இதே பட்டம்தான்.

ஓர் எச்சரிக்கை. இதே இனத்தின் காட்டுவகை கடும் கசப்பு, நச்சும் உண்டு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. எனவே மலையடிவாரத்தில் கண்டதைப் பறித்து வந்து சமைக்க வேண்டாம். தாங்களே ஆண்டுதோறும் சாப்பிடுகிறவர்களிடம் மட்டும் விதைக்கிழங்கு வாங்குங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வள்ளி, சிறுகிழங்கு, சேனை ஆகியவற்றில் தேர்ந்த ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நம்பிக்கையான விதைக்கு அது ஒரு வாசல்.

தைவான் சொன்ன பாடம்

தவசிக்கீரையை ‘மல்டிவைட்டமின் கீரை’ என்று நர்சரிகளில் விற்கிறார்கள். குச்சியை ஒடித்து வைத்தால் வரும், அரைநிழல் போதும், ஆண்டு முழுக்கக் கொழுந்து தரும். பருப்போடு கடைந்தாலும் முட்டையோடு பொரித்தாலும் சுவைதான். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அன்றாடக் கறி.

1990-களின் நடுவில் தைவானில் இந்தக் கீரை உடல் இளைக்க வைக்கும் என்று ஒரு பேச்சு பரவியது. வேகவைக்காமல் பச்சையாக அரைத்து, டம்ளர் டம்ளராக வாரக்கணக்கில் குடித்தார்கள். பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைத்துப்போயின, உயிரிழப்பும் நேர்ந்தது, சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை வரை போனது. காலங்காலமாக வேகவைத்து அளவோடு தின்ற ஊர்களில் வராத கேடு, செடி மட்டும் போய்ச் சமையல் கூடவே போகாத ஊரில் வந்தது.

மெக்சிகோவிலிருந்து வந்து இப்போது தமிழ்நாட்டு மாடிகளில் நிற்கும் சாயா கீரைக்கும் இது பொருந்தும். பெரம்பலூர் வறட்சிக்கு அளவெடுத்துத் தைத்தாற்போன்ற செடி. தண்ணீர் கேட்காது, பூச்சி அண்டாது, குச்சியிலிருந்து வளரும். பச்சை இலையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. மூடியைத் திறந்துவைத்துக் குறைந்தது கால்மணி நேரம் கொதிக்கவிட்டால் அது ஆவியாகப் போய்விடும். மரவள்ளியை வேகவைத்துத் தின்னத் தெரிந்த பச்சைமலைக்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல. ஜூஸ், சாலட், ஸ்மூத்தி என்று யாராவது பரிந்துரைத்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஆள் மாறாட்டம். நம் மாநில மலரான செங்காந்தள், மழைக்காலத்தில் வேலியோரங்களில் முளைக்கும்; மருந்துக் கம்பெனிகளுக்காகப் பயிராகவும் போடுகிறார்கள். அதன் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் ஆளைக் கொல்லும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கொல்லையில் வள்ளியும் காந்தளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

மண்ணைக் கேட்டு நடுங்கள்

பெரம்பலூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கரிசல் மண் அப்போது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது; கோடையில் பிளந்து வேரை அறுக்கும். கிழங்கு வகைகளுக்கு இது இரட்டை அடி. வழி ஒன்றுதான்: முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. மண்ணோடு மக்கிய சாணக் குப்பையும், கிடைத்தால் செம்மண்ணும் மணலும் கலந்து மேடு கட்டி, மேலே மக்காச்சோளத் தட்டையை மூடாக்காகப் போடுங்கள். இந்த ஊரில் தட்டைக்குப் பஞ்சமில்லை. மூடாக்கு மழையில் மண் இறுகாமலும் வெயிலில் வெடிக்காமலும் காக்கும்.

இதே மண்தான் சில ஆசைகளுக்குத் தடையும் போடுகிறது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள் வந்ததற்குக் காரணமே அந்தக் காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. இந்த வட்டாரத்துக் கரிசலிலும் போர்வெல் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். ப்ளூபெர்ரிக்கும் மிராக்கிள் ஃப்ரூட்டுக்கும் புளிப்பு மண் வேண்டும். இங்கே வைத்தால் இலை வெளுத்து நிற்கும். மலைக்காற்று கேட்கும் அவகாடோவுக்கும் சித்திரை வெயிலில் இங்கே வாழ்வில்லை. வெளிநாட்டுப் பழம் வேண்டுமென்றால் டிராகன் பழம் வையுங்கள். கள்ளி இனம், வெயில் தாங்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து நாற்று வாங்கும் முன், வாலிகண்டபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் மையத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துக்கொள்வது லாபம்.

புதிதாய் வந்ததையெல்லாம் விலக்க வேண்டும் என்பதல்ல. மிளகாய், தக்காளி, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, இந்த மாவட்டமே நம்பியிருக்கும் மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வருகைக்குப்பின் வந்தவை. மிளகாய்க்கு நம் வீட்டு அம்மியில் இடம் கிடைத்தது, மரவள்ளிக்கு நம் சட்டியில் பக்குவம் கிடைத்தது. அதனால் தங்கிவிட்டன. சாயாவும் நாளைக்கு அப்படி நம்மூர்க் கீரை ஆகலாம்.

ஊருக்கே உரிய தொல்லைகள் இரண்டு. ஒன்று மயில், முளைத்து வரும் நாற்றைக் கொத்திவிடும். விதைத்த பாத்தியின்மேல் முள்ளோ பழைய வலையோ போட்டு வைக்க வேண்டும். இன்னொன்று ஆடு. பிரண்டையை அவ்வளவாகத் தொடாது. ஆனால் தவசிக்கீரையை ஒரே மாலையில் மொட்டையடித்துவிடும். சுவர் உள்ள வீடுகளுக்கு இங்கேதான் ஒரு நல்லது: பறிபோன வேலியின் வேலையை அந்தச் சுவரே செய்யும். சுவரோரம் கம்பி கட்டிக் கொடிகளை ஏற்றினால் சுவரும் குளிரும், சட்டியும் நிறையும்.

எந்த மாதம் எது?

வைகாசி: வெற்றிலை வள்ளி, பெருவள்ளி, பழுபாகல் கிழங்கு நடவு.
ஆடி: சிறகவரை, மூக்குத்தி அவரை, தம்பட்டை அவரை விதைப்பு. தம்பட்டையை இளங்காயாக மட்டும் பறித்து, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும்.
புரட்டாசி: கொடிப்பசலை, தூதுவளை, முடக்கத்தான். முதல் மழைக்கே முளைக்கும்.
மார்கழி, தை: கிழங்கு அறுவடை, விதை எடுப்பு. அடுத்த ஆண்டுக்கான விதைக்கிழங்கைச் சாம்பலில் புரட்டி நிழலில் வைக்கவும்.
எந்நேரமும் (அடைமழை தவிர): பிரண்டை, தவசிக்கீரை, சாயா, கற்பூரவல்லி குச்சிகள்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பசலை, பொன்னாங்கண்ணி, பிரண்டை போன்ற ஆக்சலேட் மிகுந்தவற்றை மருத்துவரைக் கேட்டபின் சேர்த்துக்கொள்ளட்டும். புதிய கீரை எதுவானாலும் முதல் நாள் ஒரு கரண்டி, உடம்பு ஏற்றுக்கொண்டால் பிறகு ஒரு கிண்ணம்.

விதையோடு பக்குவமும்

திருத்துறைப்பூண்டியில் ‘நெல்’ ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் ஓர் ஏற்பாடு இருந்தது. விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய நெல். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு விதியால் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்கள் வயலுக்குத் திரும்பின. அது பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாப்பிள்ளைச் சம்பாவை எப்படிச் சோறாக்குவது, எதற்குக் கவுனி, எதற்குப் பூங்கார் என்பதையும் மேடை போட்டுச் சொன்னார்கள், சமைத்தும் பரிமாறினார்கள்.

கொல்லைச் செடிகளுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இன்னும் பெரிதாக உருவாகவில்லை. செலவு பெரிதல்ல. குரும்பலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. சுற்று ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் இன்னும் ஓர் அப்பாயியோ அம்மாயியோ இருக்கிறார். தாவரவியல் மாணவர்கள் செடியின் பெயரையும் படத்தையும் சேகரிப்பது வழக்கமான புராஜெக்ட். அதோடு ஒவ்வொரு செடிக்கும் எந்தப் பகுதி, எந்தப் பருவம், எதைக் கழிப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது, யார் தின்னக் கூடாது என்ற ஐந்து கேள்வியைச் சேர்த்துக் கேட்டு எழுதினால், இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சமையல் ஆவணமே கிடைக்கும். மகளிர் குழுக்கள் ஆடியில் விதை மாற்றிக்கொள்ளும் நாள் ஒன்றை வைத்து, அன்றைக்கே பிரண்டைத் துவையலும் பண்ணைக்கீரைக் கடைசலும் செய்து பரிமாறினால் பாதிக் கூச்சம் அங்கேயே கழியும்.

தனி வீட்டுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சின்னது. இந்த ஆடிக்கு ஒரே ஒரு செடியை எடுங்கள், பத்து வேண்டாம். அதை வாரம் ஒருமுறையாவது சட்டிக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டு இன்னொன்று. விதை எடுத்தால் நான்கு பேருக்குக் கொடுங்கள். பொட்டலத்தின் முன்பக்கம் பெயரையும் மாதத்தையும் எழுதுகிறோம் இல்லையா? பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எப்படிப் பறிப்பது, எப்படிச் சமைப்பது என்று அங்கே நான்கு வரி எழுதிக் கொடுங்கள்.